தொடாமல் ஒரு க்ளிக்!

ஒரு சின்ன பெட். ரத்தம் என்ன கலர்?

'இதென்னய்யா எல்.கே.ஜி. கேள்வி?' என்று சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்க. கடலுக்குள் 20 மீட்டர் ஆழத்தில், டார்ச் எதுவும் இல்லாத நேரத்தில் உங்கள் விரலில் ஒரு கீறல் விழுந்தால், கசிகிற ரத்தம் பச்சையாகத் தெரியும். ஆமாங்க, பச்சை!

பயப்பட வேண்டாம். ரத்தம் மாறவில்லை, வெளிச்சம்தான் மாறிவிட்டது. சூரிய வெளிச்சத்தில் இருக்கும் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்கும். அடுத்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள்... கடைசி வரை தாக்குப்பிடிப்பது நீலம் மட்டும்தான். அதனால்தான் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய கேமராவோடு கடலுக்குள் இறங்குகிறவர், மேலே வந்து படங்களைப் பார்த்ததும் நொந்துபோவார். பவளம், மீன், பக்கத்தில் நீந்திய நண்பன் எல்லாமே நீல மையில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும்!

இந்த நீலத்தை ஜெயித்து நிஜக் கலரைக் கொண்டுவருவதுதான் கடலடி போட்டோகிராஃபி. இதைக் கற்றுக்கொள்ள உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் போகும் ஒரு குட்டித் தீவு கரீபியன் கடலில் இருக்கிறது. பெயர், பொனேர். அங்கே போய் ஒரு டைவ் அடித்துவிட்டு வருவோமா?

நம்பர் பிளேட்டிலேயே விளம்பரம்

உலக மேப்பில் வெனிசுவேலாவைத் தேடுங்கள். அதன் வடக்குக் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் ஒரு சின்னப் புள்ளி. அதுதான் பொனேர். மொத்தமே 288 சதுர கிலோமீட்டர். இருப்பது தென் அமெரிக்காவின் பக்கத்தில், ஆனால் சேர்ந்திருப்பது நெதர்லாந்தோடு. 2010 அக்டோபர் முதல் அந்த நாட்டின் தனிச்சிறப்பு நகராட்சி இது. ஆபீஸில் டச்சு, வீட்டில் பாப்பியமென்ட்டு மொழி, பர்ஸில் அமெரிக்க டாலர். நல்ல காம்பினேஷன்!

கரீபியன் என்றதும் பச்சைப்பசேல் என்று தென்னந்தோப்பு இருக்கும் என நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே கள்ளிச்செடி, உப்பளம், ரோட்டில் திரியும் கழுதைகள், ரோஸ் கலர் பூநாரைகள். மழை ரொம்பக் குறைவு. ஆனால், தரையின் இந்தத் தரித்திரம்தான் கடலுக்கு வரம். சேற்றை வாரிக்கொண்டுவந்து கொட்ட ஆறு இல்லை. அதனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். நல்ல நாட்களில் கடலுக்குள் 30 மீட்டர் தூரம் வரைகூடப் பார்க்கலாம். பல வருஷங்களாக இந்தத் தீவின் கார் நம்பர் பிளேட்டுகளிலேயே 'டைவர்ஸ் பாரடைஸ்' என்று எழுதி வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

மற்ற பல ஊர்களில் டைவிங் என்றால் படகு வேண்டும், கூட்டம் சேர வேண்டும், கேப்டன் சொல்லும் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். பொனேரில் அந்தத் தொல்லை குறைவு. ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் சிலிண்டர்களைப் போட்டுக்கொண்டு கடற்கரை ரோட்டில் போக வேண்டியதுதான். ரோட்டோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அங்கே வண்டியை நிறுத்தி, மாட்ட வேண்டியதை மாட்டி, நடந்தே கடலுக்குள் இறங்கலாம். கொஞ்ச தூரம் நீந்தினாலே பவளப்பாறை ஆரம்பித்துவிடும்.

பெயர்களும் லேசுப்பட்டவை இல்லை. ஒரு இடத்தின் பெயர் '1000 ஸ்டெப்ஸ்'. பயந்துபோய் எண்ணிப் பார்த்தால் படிகள் சுமார் எழுபதுதான். அப்புறம் ஏன் ஆயிரம்? டைவ் முடித்து, முதுகில் சிலிண்டரைச் சுமந்துகொண்டு திரும்ப ஏறிப் பாருங்கள், தெரியும்!

இன்னொரு இடத்தில் 'ஹில்மா ஹூக்கர்' என்ற 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் மணலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. 1984-ல் பழுதாகி இந்தத் தீவுக்கு வந்த கப்பல் இது. சோதனை போட்ட அதிகாரிகளுக்குப் போலிச் சுவருக்குப் பின்னால் கிடைத்தது சுமார் 11 டன் கஞ்சா! சொந்தம் கொண்டாட யாரும் வரவில்லை. தண்ணீர் கசிந்து கசிந்து அந்த வருஷம் செப்டம்பர் 12-ல் கப்பல் மூழ்கியது. இன்று 30 மீட்டர் ஆழத்தில் மீன்களுக்கு ஹாஸ்டல், போட்டோகிராஃபர்களுக்கு மாடல்.

ஈட்டியோடு வந்தவர்

இவ்வளவு அழகும் தானாகத் தப்பிப் பிழைத்தது அல்ல. 1962-ல் ஒரு பாய்மரக் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார் டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர். ஊரே அவரைக் 'கேப்டன் டான்' என்றுதான் கூப்பிடும். ஆரம்பத்தில் அவரும் கடலுக்குள் ஈட்டியால் மீன் குத்தியவர்தான். குத்தக் குத்த மீன் குறைவதைக் கண்ணால் பார்த்தார். ஈட்டியைக் கீழே போட்டார். அதோடு நிற்காமல், 'யாரும் குத்தக் கூடாது' என்று கிளம்பிவிட்டார். 2014-ல் இறக்கும் வரை அந்தத் தீவின் டைவிங் உலகத்துக்கு அவர்தான் பெரியவர்.

1971-ல் ஈட்டி மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. 1975-ல் பவளத்தை உடைத்து எடுப்பதற்குத் தடை. 1979-ல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும், கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, கடல்சார் தேசியப் பூங்காவாகிவிட்டது. படகுகள் நங்கூரம் போடக் கூடாது. கட்டி வைத்திருக்கும் மிதவையில்தான் கயிற்றை மாட்ட வேண்டும். 1992-லிருந்து டைவர்களிடம் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் பூங்காவை நடத்துகிறார்கள்.

இன்னொரு விதி கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இங்கே டைவர்கள் கையுறை போடக் கூடாது! 'அட, பாதுகாப்புக்குத்தானே கையுறை?' என்கிறீர்களா? உங்களுக்குப் பாதுகாப்பு, சரி. பவளத்துக்கு? கையுறை இருந்தால் தைரியமாகப் பாறையைப் பிடித்துக்கொள்வோம். வெறும் கை என்றால் தானாக விலகி நிற்போம். மனித மனசைப் புரிந்துகொண்டு போட்ட விதி!

ஏனென்றால் பவளப்பாறை என்பது பாறை அல்ல. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி உயிர்கள் சேர்ந்து கட்டிய காலனி. மேலே ஒரு மெல்லிய தோல்தான் உயிர். பெரும்பாலான வகைகள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் ஃபின்ஸ் ஒரு தடவை உரசினால், உங்கள் வயதைவிட அதிகமான வருஷங்களின் உழைப்பு உடைந்து விழலாம்.

முதல் பாடம்: சும்மா இரு!

சரி, கேமராவை எடுப்போம். நீலத்தை ஜெயிப்பது எப்படி?

நல்ல வழி, வெளிச்சத்தை நாமே கொண்டுபோவது. 1926-ல் அமெரிக்காவின் ட்ரை டார்ட்டுகாஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் முதன்முதலாகக் கடலுக்கடியில் கலர் போட்டோ எடுத்தார்கள். வெளிச்சத்துக்காக மேலே ஒரு மிதவையில் மெக்னீசியம் தூளை வெடிக்கவைத்தார்கள். ஒரு மீன் படத்துக்குக் கிட்டத்தட்ட தீபாவளி! இன்று அந்த வேலையைக் கேமராவின் இரண்டு பக்கமும் கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் 'ஸ்ட்ரோப்' விளக்குகள் செய்கின்றன. அது மின்னியதும், அதுவரை சாம்பல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்த கடற்பஞ்சு 'பளிச்' என்று ரத்தச் சிவப்பாகக் கண் விழிக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை பாடு!

ஆனால், ஸ்ட்ரோபை லென்ஸுக்கு நேராக வைத்தால் போச்சு. மார்கழிப் பனியில் பைக் ஹெட்லைட்டை ஹை-பீமில் போட்டால் ரோடா தெரியும்? பனிதான் தெரியும். அதே கதை. தண்ணீரில் மிதக்கும் தூசிகள் எல்லாம் மின்னி, படம் முழுக்கப் பனி பெய்த மாதிரி ஆகிவிடும். அதனால் விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்தது, கிட்டே போ. இன்னும் கிட்டே போ! உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர்தான் வில்லன். அது எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு தெளிவு. மேலேயிருந்து மீனின் முதுகை எடுக்காமல், அதன் கண் மட்டத்துக்கு இறங்கி எடுக்க வேண்டும்.

ஒரு ஜாலி தகவல். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது, தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஆக, 'நாலடி மீனைப் பார்த்தேன்டா மச்சி!' என்று ஒருத்தன் சத்தியம் செய்தால், அவன் பார்த்தது மூன்றடி மீன். பாவம், பொய் சொன்னது அவன் இல்லை, தண்ணீர்!

இதெல்லாம் சுலபம். கஷ்டமான பாடம் ஒன்று இருக்கிறது. சும்மா இருப்பது. மேலே போகாமல், கீழே விழாமல், எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் அப்படியே நிற்பது. மூச்சை இழுத்தால் உடம்பு லேசாக மேலே போகும். விட்டால் லேசாக இறங்கும். அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தை வைத்தே தன்னை நிறுத்தத் தெரிந்தவர்தான் டைவர். அவர் கையில் கொடுத்தால்தான் அது கேமரா. தெரியாதவர் கையில் அது சுத்தியல்!

க்ளிக் அடித்தால் பட் என்று உடையும்

இது சும்மா பயமுறுத்தும் வசனம் இல்லை. இதே கரீபியன் கடலின் செயின்ட் லூசியா தீவில், டைவர்களுக்கே தெரியாமல் அவர்கள் நடந்துகொள்வதைக் கவனித்துச் செய்த ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. அதில் தெரிந்தது: கேமரா வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பவளத்தைத் தொடுகிறார்கள். காரணம் புரிகிறதுதானே? கண் முழுக்க வ்யூஃபைண்டரில். கடல் குதிரை வாலைச் சுருட்டி நிற்கிறது, இன்னும் ஒரே ஒரு இன்ச்... கால் பின்னால் எதை மிதிக்கிறது என்று யார் பார்ப்பது?

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. டைவுக்கு முன்னால் 'தயவுசெய்து தொடாதீங்க' என்று ஒரு வரி சொன்னதால் எந்தப் பலனும் இல்லை. நம் வகுப்பில் 'சைலன்ஸ்' சொன்னால் கிடைக்கும் அதே பலன்தான்! ஆனால், தண்ணீருக்குள் வழிகாட்டி கூடவே வந்து, தொடும்போதே தடுத்தால் பலன் இருந்தது.

பொனேரில் முதன்முதலாக வரும் யாரும், எத்தனை வருஷ அனுபவசாலியாக இருந்தாலும், முதலில் விதிகளைக் கேட்டு, ஒரு பரிசோதனை டைவ் செய்து காட்டிய பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போகலாம். மிதக்கத் தெரிகிறதா என்பதுதான் அங்கே முக்கியம்.

பரிசு வாங்காத போட்டோ

இப்போது இந்தக் கட்டுரையின் ஹீரோவுக்கு வருவோம். அது ஒரு போட்டோ. அழகான போட்டோ அல்ல. அதில் ஆமை இல்லை, கடல் குதிரை இல்லை, சூரியக் கதிர் இல்லை. சும்மா கடல் தரை. எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.

1973-ல் ரோல்ஃப் பாக் என்ற டச்சுக் கடல் விஞ்ஞானி ஒரு வேலையைத் தொடங்கினார். பொனேர், பக்கத்துத் தீவான குராசாவ் இரண்டிலுமாக நான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் 10, 20, 30, 40 மீட்டர் ஆழங்களில் ஒன்பது சதுர மீட்டர் கட்டங்களை அடையாளம் வைத்தார். ஒரு சின்ன அறை அளவுதான். அதைப் போட்டோ எடுத்தார். மூன்று முதல் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை அதே கட்டத்துக்குத் திரும்பிப் போய், மறுபடி போட்டோ. மறுபடி. மறுபடி. 2013 வரை, நாற்பது வருஷம்!

அந்தப் படங்களை வரிசையாக வைத்து அளந்த முடிவு 2017-ல் வெளிவந்தது. 1973-ல் அந்தக் கட்டங்களில் சராசரியாக 32.6 சதவீத இடத்தில் உயிருள்ள பவளம் இருந்தது. 2013-ல்? 9.2 சதவீதம். பவளம் காலி செய்த இடத்தைப் பிடித்தது பாசி. அப்புறம் அந்தப் பாசியையும் தள்ளிவிட்டு வழுவழுப்பான சயனோபாக்டீரியா விரிப்புகள் பரவின. 2002-ல் 7.1 சதவீதமாக இருந்த அவை, 2013-ல் 22.2 சதவீதம்.

இதே நாற்பது வருஷத்தில் பொனேரிலிருந்து எத்தனை லட்சம் அழகான படங்கள் உலகம் பூரா போயிருக்கும்! அவற்றில் எதுவும் இதைச் சொல்லவில்லை. பொய் சொன்னார்கள் என்று அர்த்தம் இல்லை. போட்டோகிராஃபரின் கண் தானாகவே அழகான மூலையைத் தேடிப் போகும். செத்த பவளத்தைத் தாண்டிப் போய், மிச்சமிருக்கும் ஒன்றைக் கட்டம் கட்டும். கல்யாண ஆல்பத்தை மட்டும் பார்த்து ஒரு குடும்பத்தின் கஷ்டநஷ்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? அதே போலத்தான். எது அழகு என்று பார்க்காமல், சில வருஷங்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்த்த அந்தச் சாதாரணப் படம்தான் உண்மையைச் சொன்னது.

அதற்குப் பிறகும் சோதனை ஓயவில்லை. 2014-ல் ஃப்ளோரிடாவில் முதலில் தெரிந்த பவளத்திசு நோய் ஒன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி, 2023-ல் பொனேருக்கும் வந்து சேர்ந்தது. வந்த பவளத்தின் மேல்தோல் கழன்று, சில வாரங்களில் வெள்ளை எலும்பு மட்டும் மிஞ்சும். சில டைவ் இடங்களைத் தற்காலிகமாக மூடினார்கள். டைவர்கள் தங்கள் உபகரணங்களைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டியதாயிற்று. அந்த வருஷமே கடல் சூடாகி, கரீபியன் பவளங்கள் பரவலாக வெளுத்துப்போயின.

ஆனால், கை கட்டிக்கொண்டு யாரும் உட்காரவில்லை. மான்கொம்புப் பவளத்தின் துண்டுகளைத் தண்ணீருக்குள் மரம் மாதிரி கட்டிய சட்டங்களில் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். ஆமாம், கடலுக்குள் நர்சரி! வளர்ந்ததும் பாறையில் நடுகிறார்கள். பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் செய்துகொடுக்கும் கிளிமீனைப் பிடிப்பதற்கு 2010-லேயே தடை போட்டுவிட்டார்கள்.

இங்கேதான் போட்டோகிராஃபருக்கு வேலை. ஆமையின் முகத்துச் செதில்கள் நம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. போன வருஷம் ஒருவர் எடுத்த படத்தையும் இந்த வருஷம் இன்னொருவர் எடுத்த படத்தையும் வைத்து, 'அட, இது அதே ஆமை!' என்று சொல்லிவிடலாம். தேதி, இடம், ஆழம் மூன்றையும் குறித்துவைத்தால் போதும், உங்கள் ஜாலி போட்டோ ஒரு சாட்சியாகிவிடும்.

ஆசை வந்துடுச்சா? அப்போ இதைப் படிங்க!

* முதலில் டைவிங், அப்புறம்தான் கேமரா. ஆரம்ப நிலை 'ஓப்பன் வாட்டர்' பயிற்சி மூன்று, நான்கு நாட்கள். அதை முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். கற்றுக்கொள்ள கரீபியன் வரை போக வேண்டாம்; அந்தமானிலும் புதுச்சேரியிலும் பயிற்சி மையங்கள் உண்டு.

* தண்ணீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து உயிருக்கே ஆபத்து. மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவதே பழக்கம்.

* நல்ல படம் கிடைக்கும் நேரத்தில்தான் காற்று தீர்வது தெரியாது. நாலு க்ளிக்குக்கு ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். கூட வந்த நண்பனையும் பாருங்கள்!

* கேமராவின் வாட்டர்ப்ரூஃப் பெட்டியில் 'ஓ-ரிங்' என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் ஒரே ஒரு தலைமுடி சிக்கினால் போதும், உள்ளே தண்ணீர் புகுந்து கேமரா காலி. மூடும் முன் இரண்டு தடவை பாருங்கள்.

* மீனைத் துரத்தாதீர்கள். துரத்தினால் வால்தான் கிடைக்கும். சும்மா இருந்தால் அதுவே திரும்பி வந்து, 'யார்றா இவன்?' என்று பார்க்கும். அப்போது க்ளிக்!

ஒரு நாள் நீங்களும் அந்த மஞ்சள் கல் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கேமராவோடு இறங்கலாம். ஆசை தீர ஆமையை எடுங்கள், கடல் குதிரையை எடுங்கள், ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பிப் பொறாமைப்பட வையுங்கள். மேலே வருவதற்கு முன்னால் ஒரே ஒரு படம் மட்டும், அழகே இல்லாத ஒரு துண்டுத் தரையை, நேராக, தேதியோடு எடுத்துவையுங்கள். லைக் விழாது. பரவாயில்லை. இருபது வருஷம் கழித்து, 'அன்னிக்கு இங்கே என்ன இருந்துச்சு?' என்று யாரோ ஒருவர் கேட்பார். அன்று பதில் சொல்ல அந்தப் படம் இருக்கும்.